என் தூக்கத்துக்குச் சாட்சி

தூக்கத்தில் என்னை மிஞ்ச, பிறந்த வீட்டிலும் ஆள் கிடையாது, புகுந்த வீட்டிலும் ஆள் கிடையாது. விடியற்காலை முகூர்த்தத்தில் மணையில் உட்கார்ந்தபடியே நான் கண்ணயர்ந்ததும், அம்மா பின்னாலிருந்து முதுகில் கிள்ளியதும், அந்தக் கிள்ளு கல்யாண வீடியோவில் அப்படியே பதிவாகியிருப்பதும் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஒரகடம் கூட்டுரோடு தாண்டுவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்துவிடும். சேரப்பணஞ்சேரி வந்ததும் யாராவது தோளைத் தட்டினால்தான் இறங்குவேன். என் வீட்டுக்காரர் என்னைக் கும்பகர்ணனுக்குத் தங்கச்சி என்பார். கும்பகர்ணனின் தங்கை யார் என்று எனக்கு நினைவு வந்த அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

இப்படிப்பட்ட என்னைப் பார்த்து ஒரு கைப்பட்டை சொன்னது, இந்தப் பெண் தூங்குவதே இல்லை என்று.

நான் கார்களுக்கு சீட் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முன்னால் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டிக்கொண்டு, சரக்கு அடுக்கிய பலகையைத் தூக்கிக் கொண்டுபோய் லாரியில் வைக்கிற வண்டி. எங்கள் கம்பெனியில் அதை ஓட்டுகிற ஒரே பொம்பளை நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பல வருடம் பேக்கிங்கில் நின்றேன். ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் குதிகாலை வெந்நீரில் வைத்தபடிதான் காய் நறுக்குவேன். ஃபோர்க்லிஃப்ட் கற்றுக்கொள்கிறேன் என்று முதல்முறை கேட்டபோது சூப்பர்வைசர் சிரித்தார். மறுபடி கேட்டபோது பக்கத்தில் இருந்தவரும் சேர்ந்து சிரித்தார். நான் கேட்பதை நிறுத்தவில்லை, அவர்களுக்குத்தான் சிரித்து அலுத்துப்போயிற்று. பயிற்சிக்குப் போய், லைசென்ஸ் வாங்கி, அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்த அன்று என் குதிகால்கள் இரண்டும் எனக்கு நன்றி சொல்லியிருக்கும்.

போன வருடம் இன்னொரு பிரிவில் ஓர் ஆபரேட்டர் ஓட்டும்போதே கண்ணயர்ந்து ரேக்கில் மோதிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சரிந்தது சீட்டுக்கான பஞ்சுப் பொதிகள்தான். ஆனால் மேலிடத்துக்குத் தூக்கம் கெட்டுப்போய்விட்டது போல. உடனே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கைப்பட்டை கொடுத்தார்கள். வீட்டில் தூங்கும்போது இடது கையில் கட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு தூங்கினோம் என்று அது கணக்குப் பார்த்து சேஃப்டி ஆபீசரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். நன்றாகத் தூங்கியிருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், தூங்காவிட்டால் சிவப்பு. தொடர்ந்து இரண்டு வாரம் சிவப்பு வந்தால் வண்டியிலிருந்து இறக்கி வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு வேலை என்றால் எனக்குப் பேக்கிங்.

இதில் பயப்பட எனக்கு என்ன இருந்தது? சொல்லப்போனால் உள்ளுக்குள் சந்தோஷம்தான். தூக்கத்துக்கு மார்க் போடுகிறார்கள் என்றால் நான்தான் முதல் ரேங்க். வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் சொல்லிவைத்தேன்.

எனக்கு அப்போது நைட் ஷிஃப்ட். காலையில் வீடு வந்து, மகளைக் கிளப்பி அப்பாவோடு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திப் படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பேன். அந்த முதல் வாரம் முழுக்க அப்படித்தான் கட்டை மாதிரி தூங்கினேன். வாரக் கடைசியில் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர், இளவயது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். என் வரிசை முழுக்கச் சிவப்பு.

"என்னக்கா, வீட்டுல எதும் பிரச்சினையா? ஒரு நாளும் சரியாத் தூங்கலயே நீங்க. விட்டு விட்டு முழிச்சுக்கிட்டே இருக்கீங்கன்னு காட்டுது."

"நானா? சார், எங்க வூட்ல இருந்து யாரையாவது கூட்டினு வரட்டுமா? அவங்க சிரிக்கிற சிரிப்புல இந்த மெஷின் ஒடஞ்சிடும்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. இன்னொரு வாரம் இதே மாதிரி வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாதுக்கா. மேல இருந்து அப்பிடித்தான் சொல்லியிருக்காங்க."

அன்று பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு அதிசயம். பேக்கிங் மேஜையும் அட்டைப்பெட்டியும் கண்ணெதிரே வந்து வந்து போயின. அதைவிட, அன்றைக்குச் சிரித்த சூப்பர்வைசர் மறுபடி சிரிப்பாரே என்ற நினைப்புதான் பெரிதாக இருந்தது. தூங்காமல் வேலையைக் கெடுத்தாள் என்று என்னைச் சொல்வதா? சோம்பேறி என்று சொல்லட்டும், வாயாடி என்று சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். தூங்காதவள் என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது?

என் நாத்தனார் தண்டலத்தில் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தவளிடம் புலம்பினேன். அவள் தன் கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தாள். "இதுவும் தூக்கம் பாக்கும் அண்ணி. ரெண்டையும் கட்டினு தூங்கு. எது பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சிடும்." வீட்டுக்காரர் தன் பங்குக்கு, தூக்கத்தைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு ஆப்பைத் தன் பழைய போனில் போட்டுத் தலைமாட்டில் வைத்தார். இடது கையில் கம்பெனிப் பட்டை, வலது கையில் நாத்தனாரின் வாட்ச், தலைமாட்டில் போன். ஐசியூவில் கிடக்கிற ஆள் மாதிரி படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

பட்டையின் கணக்கைப் பார்க்கிற ஆப்பை ஆபீசரிடம் கேட்டு என் போனிலும் போட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். நாத்தனாரின் வாட்ச், நான் நன்றாகத் தூங்கினேன் என்றது. கம்பெனிப் பட்டை, போன வாரத்தைவிட மோசம் என்றது. போனோ, நான் தூக்கத்தில் இடைவிடாமல் பேசினேன் என்று சொல்லி, ஆதாரத்துக்குக் குரலையும் பதிவு செய்து வைத்திருந்தது. போட்டுக் கேட்டால் பக்கத்து வீட்டு டிவியில் ஒரு மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணும் மூணு சொல்லுது. இதுல எத்த நம்புறது?" என்றார் வீட்டுக்காரர்.

"எந்த மெஷினும் வேணாம். நீ சொல்லு, நான் தூங்குறேனா இல்லியா?"

"நான் பகல்ல கம்பெனில இருக்கேன். நீ தூங்குறியா, சீரியல் பாக்குறியான்னு எனக்கு இன்னா தெரியும்?"

அதுவரை அந்த ஆள் என்னைக் கும்பகர்ணனுக்குத் தங்கச்சி என்று சொல்லாத நாள் கிடையாது. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் பின்வாங்குகிறார். வாட்ச்சுக்கு ஓட்டுப் போட்டவள் நாத்தனார் மட்டும்தான், அதுவும் அவளுடைய வாட்ச் என்பதால்.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனிப் பட்டையைக் கழற்றி, ஒரு தலையணையை இறுக்கச் சுருட்டி அதில் கட்டி, கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, நான் கீழே பாயில் தூங்கினேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் தலையணை தூங்கியிருந்தது. நடுவில் ஆழ்ந்த தூக்கம் வேறு. தலையணைக்கு நாடித்துடிப்பும் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சேஃப்டி ஆபீசரின் மேஜையில் போனை வைத்தேன். "சார், உங்க கணக்குப்படி என் தலகாணிய ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சொல்லுங்க. நல்லாத் தூங்கினு கீது."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் நல்ல மனிதர் என்பதை அன்றுதான் கவனித்தேன். பட்டை விற்ற ஆட்களுக்கு என் எதிரிலேயே போன் போட்டார். கையில் கட்ட வேண்டியதைத் தலையணையில் கட்டினால் அப்படித்தான் வரும், மனிதர் கையில் கட்டினால் சரியாக இருக்கும் என்று அவர்கள் அடித்துச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு யோசித்தவர், "அப்பம் ஒண்ணு செய்வோமா அக்கா? நம்ம ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல கட்டில் கெடக்கு. சிஸ்டரும் இருக்காங்க. காலைல ஷிஃப்ட் முடிஞ்சதும் வீட்டுக்குப் போகாம இங்கயே தூங்குங்க. சிஸ்டர் பக்கத்துல இருந்து பாக்கட்டும். பட்டை சொல்லுததும் அவங்க சொல்லுததும் ஒத்துப்போவுதான்னு பாத்துருவோம்" என்றார்.

கம்பெனிக்குள்ளேயே, கம்பெனி அனுமதியோடு, கம்பெனிக் கட்டிலில் தூங்குவது. இந்த வாய்ப்பு வேறு யாருக்குக் கிடைக்கும்? சரி என்றேன். நாத்தனாரின் வாட்ச்சையும் கொண்டுவருகிறேன் என்றேன்.

ஃபர்ஸ்ட் எய்டு ரூம் சிஸ்டர் பக்கத்து ஊர்க்காரர், வயதில் என்னைவிடப் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராக டூட்டிக்கு வருகிறவர், வேடிக்கைக்குக்கூடப் பொய் சொல்லமாட்டார் என்று பெயர். என் கையில் ஒரு பேண்டேஜ் சுருளைக் கொடுத்து, "இத லேசாப் புடிச்சுக்கோ. நீ தூங்கிட்டா கை தானா விட்டுடும். நடுவுல மெதுவாக் கூப்புடுவேன், முழிச்சினு இருந்தா குரல் குடு" என்றார். ஆபீசர் அனுமதியோடு இரண்டு கையிலும் இரண்டு கருவியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். பேண்டேஜ் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

எழுந்து உட்கார்ந்தபோது ஆபீசரும் வந்திருந்தார். சிஸ்டர் சொன்னார், "படுத்ததும் பேண்டேஜ் வுழுந்துடுச்சு சார். எத்தினி வாட்டி கூப்ட்டேன், ஒரு வாட்டி கூடப் பதில் இல்ல. கொறட்ட வேற. வெளில நிக்கிறவங்க எட்டிப் பாத்துட்டுப் போனாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆபீசர் கம்ப்யூட்டரில் பார்த்தார். அவர் முகம் மாறியது. திரையை என் பக்கம் திருப்பினார். பச்சை. கம்பெனிப் பட்டை, நான் ஆழ்ந்து தூங்கினேன் என்று சொன்னது. நாத்தனாரின் வாட்ச்சும் அதையே சொன்னது. சிஸ்டர் சொன்னதோடு இரண்டும் அச்சாகப் பொருந்தின.

"பட்டை சரியாத்தானக்கா வேலை செய்யுது" என்றார் அவர், வருத்தமாக.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பட்டை சரி என்றால் அது போன வாரம் சொன்னதும் சரி. நான் வீட்டில் தூங்கவில்லை. கம்பெனியில்தான் தூங்குகிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவளைப் பற்றி இதைவிட மோசமாக யாரும் சொல்ல முடியாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கட்டில் போட்டுப் படுத்து வைத்துக்கொண்டேன். சிஸ்டர் என் தோளைத் தொட்டு, "வூட்ல ஏதாவது கஷ்டமாம்மா?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை என்று அவரிடம் சொன்னேன். பாதி உண்மை.

மத்தியான ஷிஃப்டு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன். எங்கள் கம்பெனியில் கேட்டுக்கு உள்ளே கையில் எதுவும் இருக்கக் கூடாது. வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் லாக்கருக்குப் போய்விடும், மெஷினில் மாட்டிக்கொண்டால் கையே போய்விடும் என்பதால். தாலிக்கயிற்றைக்கூட உள்ளே போட்டுப் பின் குத்திக்கொள்வோம். ஆகவே பஸ் ஏறியதும் பெண்கள் எல்லோரும் செய்கிற முதல் வேலை பையிலிருந்து வளையலை எடுத்து மாட்டுவது. வெறுங்கையோடு வீட்டில் சோறு போடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சாத்திரத்தைவிட ஆசைதான் காரணம். ஷிஃப்ட் முழுக்கக் கை மொட்டையாக இருந்ததற்கு வட்டியும் முதலுமாக, கண்ணாடி வளையலை இரண்டு கையும் நிறைய அடுக்கினால்தான் எனக்கு ஷிஃப்ட் முடிந்த மாதிரி இருக்கும்.

அன்றும் பழக்கத்தில் மாட்டினேன். வலது கையில் நாத்தனாரின் வாட்ச் இருந்தது. அதன் அகலமான முகத்தோடு வளையல் சேராது. அந்தக் கை வளையலையும் சேர்த்து இடது கையிலேயே அடுக்கினேன். கம்பெனிப் பட்டை மணிக்கட்டில் இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக் குமுறிக்கொண்டிருந்தேன். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. வளையல் எல்லாம் சரிந்துபோய்ப் பட்டையில் இடித்தன. பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அதற்கு அடியில், நாடி பார்ப்பதற்காகத் தோலோடு ஒட்டி எரிய வேண்டிய பச்சை வெளிச்சம் வெளியே தெரிந்தது.

கையை அசைத்துப் பார்த்தேன். மறுபடி இடித்தது, மறுபடி வெளிச்சம். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, சும்மா மூச்சு மட்டும் விட்டுப் பார்த்தேன். வீட்டில் வளையலோடு அப்படித்தான் தூங்குவேன். மூச்சு ஏற ஏற வளையல் உருண்டு பட்டையைத் தட்டியது, இறங்க இறங்கத் திரும்பியது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். என் கையில் இருந்ததைப் பார்க்க எனக்கு இத்தனை கருவி தேவைப்பட்டிருக்கிறது. வாட்ச்சை வலது கையில் கட்டிய நாளில் பட்டையின் கணக்கு ஏன் இன்னும் மோசமானது என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. அந்தக் கை வளையலும் சேர்ந்து இந்தக் கையில் கச்சேரி நடத்தியிருக்கிறது. நான் தூங்கினேன், வளையல்தான் தூங்கவில்லை.

இந்தத் தப்பு வர வேண்டுமென்றால் கை நிறைய வளையல் போட்ட ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் வேண்டும். எங்கள் கம்பெனியில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான். பிறகு யாருக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்ததை டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, ஓவர்டைம் காசு போட்டாங்களா?" என்றார்.

மறுநாள் காலை, நைட் ஷிஃப்ட் முடிந்ததும், ஆபீசர் வருவதற்கு முன்னாலேயே அவர் அறை வாசலில் நின்றேன். இன்னொரு முறை தூங்க வேண்டும் என்றேன், இந்த முறை வளையலோடு. "கம்பெனிக்குள்ள வளையலாக்கா? நான்தான் அந்த போர்டையே வச்சேன்" என்று தலையைச் சொறிந்தார். ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் மெஷின் எதுவும் கிடையாதே என்று சிஸ்டர் எனக்காகப் பேசினார். கடைசியில் செக்யூரிட்டி ஒருவர் காவலுக்கு வர, என் வளையல் ஒரு சீல் போட்ட கவரில் லாக்கரிலிருந்து ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு ஊர்வலம் போயிற்று. நகைக்கடையில்கூட அப்படிக் கொண்டுபோகமாட்டார்கள்.

இடது கையில் பட்டையும் வளையலும். வலது கையில் வாட்ச் மட்டும். உள்ளங்கையில் பேண்டேஜ் சுருள். ஒரே ஒரு பயம்தான் இருந்தது, பதற்றத்தில் தூக்கம் வராமல் போய்விட்டால்? என்னைப் பற்றி எனக்கே தெரியவில்லை. படுத்த சுகத்தில் அந்தப் பயமும் என்னோடு சேர்ந்து தூங்கிவிட்டது.

எழுந்தபோது அறையில் ஆபீசர், சிஸ்டர், வாசலில் அந்த செக்யூரிட்டி. சிஸ்டர் முதலில் சொன்னார், "நேத்து மாதிரியேதான் சார். பேண்டேஜ் உருண்டு கட்டிலுக்கு அடில போயிடுச்சு." வாட்ச் சொன்னது, நல்ல தூக்கம். பிறகு ஆபீசர் பட்டையின் கணக்கைத் திறந்தார். சிவப்பு. படுத்தது முதல் எழுந்தது வரை விழித்து விழித்துப் படுத்தேனாம்.

நான் இடது கையைத் தூக்கி ஒரு தடவை ஆட்டினேன். அந்தச் சத்தம் போதும்.

அவர் எழுந்து வந்தார். என் கையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். "அக்கா, அந்த வளையலைக் கொஞ்சம் தாங்க" என்றார். கையில் சோப்புத் தண்ணீர் தடவி, சிஸ்டர் ஒவ்வொன்றாக ஏற்றிவிட, தென்காசிப் பக்கத்து சேஃப்டி ஆபீசர் என் வளையலைப் போட்டுக்கொண்டார். இரண்டு உடைந்தன. பட்டையை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு அதே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தார். முந்தைய இரவு முழுக்க ஆடிட் வேலை போல, ஆள் உண்மையிலேயே தூங்கிவிட்டார். நானும் சிஸ்டரும் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டு காவல் இருந்தோம். அவரை எழுப்பிப் பட்டையைப் பார்த்தபோது அவரும் தூங்கவே இல்லை.

"என்னைய இறக்கிவிட யாரு இருக்கா?" என்று கேட்டு அவரே சிரித்தார். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப்போயிற்று.

அன்றே மேலிடத்தில் பேசினார். நானும் கூடவே போனேன். அவர் சொல்வதில் ஏதாவது விட்டுவிட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே. பட்டையின் நிறத்தை மட்டும் பார்த்து யாரையும் வண்டியிலிருந்து இறக்குவதில்லை, சிவப்பு வந்தால் முதலில் கூப்பிட்டுக் கேட்பது, சிஸ்டரையும் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. என்னைப் போலவே சிவப்பில் இருந்த இன்னோர் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, வீட்டில் கைக்குழந்தை என்று சொன்னார். அவர் உண்மையிலேயே தூங்காதவர். அவரை இறக்கவில்லை, கொஞ்ச நாளைக்குப் பகல் ஷிஃப்டு கொடுத்தார்கள். அவருடைய மனைவி மகளிர் கழிவறையில் என்னைத் தேடிப் பிடித்து, பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தாள். எங்கள் பேக்கிங்கில் நிற்கிற அவள்தான் அவர் மனைவி என்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மேலிடத்து ஆள் ஒருவர், "இனிமே தூங்கும்போது வளையலைக் கழட்டி வெச்சிடுங்கம்மா, பிரச்சினையே இல்ல" என்றார். நான் நின்றேன்.

"கேட்டுக்கு உள்ள நீங்க கழட்டச் சொன்னீங்க, கழட்டுறோம். அது எங்க கைக்கு நல்லது. வூட்ல என் வளையலக் கழட்டச் சொல்ல கம்பெனிக்கு இன்னா இருக்குது சார்? எடம் மாறணும்னா அந்தப் பட்டை மாறட்டும்."

ஆபீசர் குறுக்கே வந்து, கணுக்காலில் கட்டினாலும் வேலை செய்யும், பார்த்துவிடுவோம் என்றார். சேஃப்டி ஷூ போட்டுப் போட்டு நான் கொலுசை விட்டுப் பல காலம் ஆகிறது. காலியாகக் கிடந்த காலுக்கு ஒரு அலங்காரமாயிற்று. அன்று முதல் கட்டினேன். வாரம் முழுக்கப் பச்சை. பார்க்க வயல் மாதிரி இருந்தது.

அந்த வாரம் முடிந்து ஷிஃப்டுக்குப் போனபோது, என் பெயர் வண்டி ஓட்டுகிறவர்கள் பட்டியலில்தான் இருக்கிறது என்று தெரிந்தும், உள்ளே நுழைகிற வரை முழு நம்பிக்கை வரவில்லை. சாவிப் பலகைக்குப் பக்கத்தில் அந்த சூப்பர்வைசர் நின்றிருந்தார், முதல்முறை சிரித்தவர். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்னாம்மா, தூங்கினியா?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

"ரெண்டு ஆளு தூக்கம் தூங்கினேன் சார்" என்றேன்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். வண்டியைக் கிளப்பி முதல் பலகையைத் தூக்கினேன். பேக்கிங் மேஜைகள் இருக்கிற வழியாகத்தான் லாரிக்குப் போக வேண்டும். திருப்பத்தில் ஹாரன் அடிப்பது விதி. திருப்பம் முடிந்து, பேக்கிங் பெண்கள் எல்லோரும் நிற்கிற நேர்வழியில் ஹாரனுக்கு எந்தத் தேவையும் இல்லை. அங்கேயும் அடித்தேன். வரிசையாக நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துக் கை தூக்கினார்கள். அடுத்த நடையில் ஒருத்தி, எனக்கு முறுக்கு கொடுத்தவள், மேஜையை விட்டு ஓடிவந்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று கேட்டாள்.